போரில் சீஃப் ஆஃப் ஸ்டாஃபுக்கு என்னதான் வேலை?

தளபதி முடிவெடுக்கிறார், வீரர்கள் சண்டை போடுகிறார்கள், நடுவில் இவர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மேப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து வந்த சந்தேகமாக இருக்கும். சில நாடுகளில் ராணுவத் தலைவருக்கே இந்தப் பட்டம் உண்டு. நான் சொல்வது களத்தில் ஒரு தளபதியின் கீழ் இருப்பவரை.

நான் ஒரு கோர் தலைமையகத்தில், அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட டிவிஷன்கள் சில சேர்ந்த பெரிய படையின் தலைமையகத்தில், கிளார்க்காக இருந்தவன். ஒரு பெரிய பயிற்சியில் தளபதி சொன்னது ஒரே வரி: "விடியறதுக்குள்ள ரெண்டு டிவிஷனும் ஆத்தைத் தாண்டணும்." பாலமோ ஒன்றுதான். எது முதலில், டீசல் லாரி எங்கே நிற்கும், பழுதான வண்டியை யார் இழுப்பது, எல்லாவற்றையும் எங்கள் சீஃப் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். வயர்லெஸ் பேசக் கூடாது என்பதால் உத்தரவு மோட்டார் சைக்கிளில் போனது. அப்புறமும் அவர் படுக்கவில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்ட சீட்டு இரண்டு திரும்பி வர வேண்டும். ஒன்றுதான் வந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு இன்னொரு பிரதியோடு ஒரு கேப்டனை வேறு பாதையில் அனுப்பினார். முதலில் போன பையன் வண்டியோடு சேற்றில் சிக்கிக் கிடந்தான், உறை அவன் பையிலேயே இருந்தது. சீஃப் படுத்திருந்தால் இரண்டு டிவிஷனும் பாலத்து வாயில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

பயிற்சிதானே என்பீர்கள். சரி, நிஜப் போருக்கு வருவோம். நெப்போலியனின் உத்தரவுகளைப் பல வருடம் எழுதி அனுப்பிய பெர்த்தியே 1815 ஜூன் 1 அன்று இறந்துபோனார். அந்த மாதம் நெப்போலியன் இன்றைய பெல்ஜியத்துக்குள் படையெடுத்தபோது அவருடைய வேலையைப் பார்த்தவர் சூல்ட். ஜூன் 16 அன்று நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரான டெர்லோனின் ஏறக்குறைய 20,000 பேர், முன்னுக்குப் பின் முரணான உத்தரவுகளால், சண்டை நடந்துகொண்டிருந்த லிக்னிக்கும் காத்ர் பிராவுக்கும் இடையே நடந்தே பொழுதைக் கழித்தார்கள். இரண்டு சண்டையிலும் சேரவில்லை. பழி முழுக்க சூல்ட் தலையில் என்று நான் சொல்லவில்லை.

அதே நாள் எதிர்ப்பக்கம் பாருங்கள். லிக்னியில் புரூஷியத் தளபதி புளூஹர் விழுந்த குதிரைக்கு அடியில் சிக்கிக்கொண்டார். அவருடைய சீஃப் க்னைசனவ்தான் தோற்ற படையை, கூட்டாளிப் படையை விட்டு விலகிப் போகாதபடி, வாவ்ர் என்ற ஊர்ப் பக்கம் திருப்பினார். அதனால்தான் 18ஆம் தேதி அவர்களால் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்குக் கைகொடுக்க முடிந்தது.

தளபதியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் எங்கள் பயிற்சி முடிந்து வந்த பாராட்டுக் கடிதத்தில் சீஃப் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அந்தக் கடிதத்தையும் நான்தான் ஃபைலில் வைத்தேன், இன்றும் மனசு ஆறவில்லை.

சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் பென்ஷன் கணக்கில் ஒரு வருட சர்வீஸ் விடுபட்டிருக்கிறது. மூன்று தடவை காகிதம் கொடுத்துவிட்டேன். ஒரு தடவைகூட 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தர அங்கே ஆளில்லை.