சமுதாயக் கல்லூரியிலிருந்து யூ.சி.க்கு: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

ஃப்ரீமான்ட்டிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் வீட்டுக்கு அருகிலுள்ள, இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்கிறார். கணினி அறிவியலில் பட்டம் பெற விரும்பும் அவர், வரும் நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யூ.சி.க்கு, அங்கே மூன்றாமாண்டில் சேர்வதற்கான மாறுதல் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். இயற்பியலில் ‘சி’க்கும் கீழான ஒரு ‘டி’ வாங்கிவிட்டார் என்ற கவலையோடு, அதை வேறு கல்லூரியில் மீண்டும் எடுக்கலாமா என்றும், விண்ணப்பக் கட்டுரையை யாரிடம் கொடுத்துத் திருத்தலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டுரையைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். மாறுதல் சேர்க்கை பெரும்பாலும் நவம்பரில் எழுதும் எழுத்தால் அமைவதில்லை. அதற்கு முந்தைய பருவங்களில் எடுத்த பாடங்களால் அமைகிறது. உங்கள் மகளுக்கு இன்னும் ஓராண்டுப் பாடங்கள் கையில் இருப்பதால், அவற்றைச் சரியாகத் தேர்வது பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஊரில் உறவினர் “நேராகப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லையா?” என்று கேட்பது உங்களை வருத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வழி 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்தில் மாநிலமே திட்டமிட்டு வகுத்த வழி. முதலாண்டில் சேரும் இரண்டு மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில் மாறுதல் மாணவரைச் சேர்ப்பதை யூ.சி. தன் இலக்காக வைத்திருக்கிறது. அவ்வாறு வருபவர்களில் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி மாணவருக்கே முன்னுரிமை தருகிறது. மாநிலவாசிக்குச் சமுதாயக் கல்லூரியில் பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர், யூ.சி.யில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். முடிவில் கையில் வரும் பட்டச் சான்றிதழில், முதல் இரண்டாண்டு எங்கே படித்தார் என்ற குறிப்பு எதுவும் இராது.

இனிப் பாடங்களுக்கு வருவோம். அசிஸ்ட் என்ற இணையதளத்தை இன்று மாலையே மகளோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். மகள் படிக்கும் கல்லூரி, போக விரும்பும் வளாகம், அங்குள்ள பாடப்பிரிவு ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தால், பல்கலைக்கழகம் கேட்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் ஈடாகும் என்று அது வரிசையாகக் காட்டும். வளாகத்துக்கு வளாகம் பட்டியல் மாறும். ஒன்று நேரியல் இயற்கணிதத்தை வற்புறுத்தும், இன்னொன்று குறிப்பிட்ட நிரல்மொழியில் எழுதக் கற்பிக்கும் பாடத்தைக் கேட்கும், வேறொன்று இயற்பியல் வரிசை முழுவதையும் எதிர்பார்க்கும். ஆகவே நான்கைந்து வளாகங்களின் பட்டியல்களை அருகருகே வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களை முதலில் முடிப்பதே அறிவுடைமை. பொதுக்கல்விப் பாடங்களையெல்லாம் முதலில் முடித்துவிட்டுக் கணிதத்தையும் இயற்பியலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல மாணவர் நினைக்கிறார்கள். கணினி, பொறியியல் போன்ற பிரிவுகளுக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். நுண்கணிதத்தின் ஒரு பகுதி முடிந்தால்தான் அடுத்த பகுதியில் சேர முடியும் என்பதால், ஒரு பருவம் தவறினால் ஓராண்டே தள்ளிப்போகக் கூடும்.

‘டி’ வாங்கிய இயற்பியலை அருகிலுள்ள வேறு கல்லூரியில் மீண்டும் எடுக்கலாமா என்ற கேள்வியில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. மீண்டும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ‘சி’க்குக் குறைவான மதிப்பெண் பெற்ற பாடத்தை மறுபடி படித்துத் தேறினால், சராசரிக் கணக்கில் யூ.சி. புதிய மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளும். ஆயினும் பழைய மதிப்பெண்ணையும், படித்த ஒவ்வொரு கல்லூரியையும் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிடாமல் விட்டது பின்னர் தெரியவந்தால், கிடைத்த இடமே பறிபோகும். ஆனால் கல்லூரியை மாற்றுவதில் கவனம் தேவை. உங்கள் மகளின் கல்லூரி செமஸ்டர் முறையில் நடக்கிறது. குப்பர்ட்டினோவிலுள்ள டி ஆன்சா கல்லூரி, ஆண்டை அதைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கிறது. செமஸ்டர் கல்லூரி மூன்று பகுதிகளாக நடத்தும் நுண்கணிதத்தைக் குவார்ட்டர் கல்லூரி நான்காகப் பிரிக்கும். இயற்பியலிலும் இதே சிக்கல் உண்டு. வரிசையின் நடுவில் மாறினால் சில பகுதிகள் இரண்டு முறை வரும், சில விடுபடும். அந்த வரிசை முழுமையானதென்று பல்கலைக்கழகம் ஏற்காமலும் போகலாம். தொடங்கிய வரிசையைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடிக்கட்டும் என்பதே என் உறுதியான கருத்து.

குறைந்தபட்சத் தகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாறுதலுக்கு ஏற்கத்தக்க 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். அவற்றில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, மற்றத் துறைகளில் நான்கு என ஏழு பாடங்களில் ‘சி’ அல்லது அதற்கு மேல் பெற்றிருக்க வேண்டும். நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. இது விண்ணப்பிப்பதற்கான வாசற்படி மட்டுமே. கணினி அறிவியலில் இடம் பெறுபவர்களின் சராசரி இதைவிட மிக உயரத்தில் இருக்கும் என்பதால், 2.4 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

டாக் எனப்படும் உறுதிச் சேர்க்கை ஒப்பந்தத்தைப் பற்றியும் அறிந்திருங்கள். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றே ஒன்றுக்கு, செப்டம்பர் 1 முதல் 30க்குள் இதற்கு விண்ணப்பிக்கலாம். அந்த வளாகத்தின் நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களில் இந்த வசதி இல்லை. இருக்கும் வளாகங்களிலும் எல்லாப் பிரிவுக்கும் இல்லை. சாந்தா பார்பராவில் கணினி அறிவியல் அடங்கிய பொறியியல் கல்லூரி இதில் சேரவில்லை. டாக் எழுதியவர்களும் பொது விண்ணப்பத்தைத் தனியே அனுப்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

யூ.சி.யிலிருந்து வேறான அரசு அமைப்பாகிய கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மாறுதலுக்கென்றே வகுக்கப்பட்ட இரண்டாண்டு இணைப் பட்டத்தைச் சமுதாயக் கல்லூரியில் முடித்தால், அந்த அமைப்பில் ஏதேனும் ஒரு வளாகத்தில் மூன்றாமாண்டு இடம் உறுதி; மேலும் 60 செமஸ்டர் யூனிட்டில் இளநிலைப் பட்டமும் முடியும். விரும்பிய வளாகத்துக்கு அது உறுதி தராது. சான் ஹோசே வளாகத்தில் போட்டி கடுமை என்பதால் ஹேவர்டிலுள்ள ஈஸ்ட் பே வளாகத்தையும் பட்டியலில் வையுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருக்கிறாரா? அப்படியானால் 21 வயதில் அந்தத் தகுதி முடிந்துவிடும். பெரும்பாலான மாறுதல் மாணவருக்கு அது பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ வந்து நிற்கும். மாணவர் விசாவுக்கு மாறினால் கலிபோர்னியா மாநிலவாசி என்ற கட்டணச் சலுகையும் நிலைக்காது, யூ.சி.யில் அந்த வேறுபாடு ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். குடியேற்ற வழக்கறிஞரிடமும் வளாகத்தின் வதிவிடக் கட்டண அலுவலரிடமும் விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு இதை அறிந்து கலங்கிய குடும்பங்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனிக் கட்டுரை. கேள்விகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் பதில் 350 சொற்களுக்குள். ஒன்று கட்டாயக் கேள்வி: தேர்ந்தெடுத்த பிரிவுக்கு எவ்வாறு உங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டீர்கள் என்பது. மற்ற மூன்றை ஏழிலிருந்து அவரே தேர்ந்துகொள்ளலாம். இயற்பியலில் சறுக்கியதும், என்ன மாற்றிக்கொண்டு திரும்ப எழுந்தார் என்பதும் அவருடைய சொற்களிலேயே நேராக வரட்டும். பணம் கொடுத்து எழுதி வாங்கவோ, நீங்களே திருத்தி எழுதவோ வேண்டாம். கல்லூரியின் எழுத்து மையத்தில் இலவசமாகவே படித்துக் கருத்துச் சொல்வார்கள்.

விண்ணப்பப் படிவம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அனுப்பும் காலம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. கடைசி நாள் வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் நீளும், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். இலையுதிர் பருவத்தின் மதிப்பெண்களையும் வசந்தப் பருவத்தில் எடுக்கும் பாடங்களையும் ஜனவரி மாதத்துக்குள் திரும்பவும் பதிய வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அடுத்த வாரம் கல்லூரியின் மாறுதல் மையத்தில் ஆலோசகரைச் சந்திக்க நேரம் கேட்டு, அசிஸ்ட் பட்டியல்களின் அச்சுப் படிகளையும் இதுவரையிலான மதிப்பெண் பட்டியலையும் மகளே கொண்டுபோகட்டும். இயற்பியலை எந்தப் பருவத்தில் மீண்டும் எடுப்பது என்பதை அந்தச் சந்திப்பில் முடிவு செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மீதமுள்ள பருவங்களின் பாடத்திட்டத்தை நாம் சேர்ந்து வரைவோம்.