மாறுகண் துறையில் படிக்க விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

கோவையில் ஆப்டோமெட்ரி (பார்வைக் குறையை அளந்து கண்ணாடி தரும் துறை) மாணவர்களுக்கு மாறுகண் பாடம் நடத்துபவன் என்ற முறையில், இரு கண்களும் சேர்ந்து இயங்குவதை அளந்து அறுவையின்றிச் சீராக்கும் ஆர்த்தாப்டிக்ஸ் படிப்பு குறித்து வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கிறேன். மாறுகண்ணுக்கென்றே ஆர்த்தாப்டிக்ஸ் என்ற பட்டம் இருப்பதாக அறிந்தேன். அதைக் கோவையில் எங்கே படிக்கலாம்?
– மாணவி, கோபிசெட்டிபாளையம்

அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் இத்துறைக்குள் நுழைய வழக்கமான வழி பி.ஆப்டம் என்னும் ஆப்டோமெட்ரி பட்டம்தான். இரு கண்களின் ஒருங்கிணைந்த பார்வையும் ஆர்த்தாப்டிக்ஸும் அதற்குள் ஒரு பாடமாக வரும். படித்து முடித்த பிறகு மாறுகண் பிரிவில் தொடர்ந்து பணியாற்றியே ஒருவர் இங்கே அத்துறையில் தேர்ச்சி பெறுகிறார். வகுப்புகள் மூன்றாண்டும் மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டுமாக நான்காண்டுப் படிப்பு என்பதே நெடுநாள் நடைமுறை. ஆயினும், துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்த பின் விதிகள் மாறிவருகின்றன. ஆகவே கால அளவையும் சேர்க்கை முறையையும் நீங்கள் சேரும் ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்; உங்களுக்கு முன் சேர்ந்தவர்களின் காலத்து விதியை நம்பி இருந்துவிட வேண்டாம்.

யார் எதைச் செய்கிறார்கள் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவம் படித்தவர். அறுவை சிகிச்சை அவருடையது. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வைக் குறையை அளந்து கண்ணாடி தருவார்; கண் நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவார். இரண்டு கண்களும் சேர்ந்து இயங்குகின்றனவா, எந்தத் தசை பின்தங்குகிறது, கண் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அளந்து, அறுவை தேவைப்படாத சிகிச்சையை நடத்துபவர் ஆர்த்தாப்டிஸ்ட்.

இந்த வேலையில் அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும்? குழந்தைகளோடு மட்டும்தானா? எனக்குப் பொறுமை குறைவு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– மாணவர், ஈரோடு

பொறுமை பற்றி வீட்டார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் இத்துறையில் கருவிகளைக் காட்டிலும் அதிகம் வேலை செய்வது அதுதான். அடிப்படைச் சோதனைக்கு ஒரு சிறு மறைப்பான் போதும். ஒரு கண்ணை மறைத்தால் மற்றக் கண் எந்தப் பக்கம் நகர்ந்து நிலைகொள்கிறது என்று பார்ப்பதே அச்சோதனை. அந்த நகர்வு மிக நுண்ணியதாக இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தையோ உங்கள் கையில் உள்ள பொம்மையை இரண்டு விநாடிக்கு மேல் பார்க்காது. விலகலைக் கண்டபின், ஒளியைத் திசைமாற்றும் பட்டகமான பிரிசம் வைத்து அளப்பீர்கள். ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் விலக்குவது ஒரு பிரிசம் டயாப்டர். அறுவை செய்யும் மருத்துவர், எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்பதை இந்த அளவை நம்பித்தான் முடிவு செய்கிறார்.

சிகிச்சையில் பெரும் பங்கு சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது சிறு வயதில் சரியாகப் பயன்படாமல் பார்வை மங்கிப்போன கண்ணுக்கு, உரியது. நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, பார்வை குறைந்த கண்ணை உழைக்க வைக்கிறோம். நாள் முழுவதும் மூடினால்தான் பலன் என்று முன்பு பலரும் கருதினர். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அமெரிக்கக் குழந்தைக் கண் ஆய்வுக் குழு நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரக் குறைபாட்டுக்குத் தினம் இரண்டு மணி நேரம் மூடுவதும் ஆறு மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அந்த இரண்டு மணி நேரத்தையும் வீட்டில் நடத்திக் காட்டுவது தாய்தான். அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும், அடுத்த முறை வரும்போது ஒட்டு எத்தனை நாள் குப்பைக்குப் போனது என்பதைக் கோபப்படாமல் கேட்டு அறிவதும் உங்கள் வேலை. மாறுகண்ணை "ராசியான கண்ணுங்க" என்று சொல்லி ஐந்தாறு ஆண்டுகளைக் கடத்திவிட்டு வரும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்களைக் கடிந்துகொண்டால் மறுமுறை வர மாட்டார்கள்.

குழந்தைகள் மட்டும் அல்லர். சர்க்கரை நோயால், கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழந்து, சாலையில் வரும் ஒரே பேருந்து இரண்டாகத் தெரிகிறது என்று வரும் பெரியவர்களுக்கு நரம்பு மீளும் வரை கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய பிரிசம் தந்து ஒற்றைப் பார்வையை மீட்டுத் தரலாம். பக்கவாதத்துக்குப் பிறகும், தைராய்டு கோளாற்றாலும், தலையில் அடிபட்டும் இரட்டைப் பார்வையோடு வருபவர்கள் உண்டு. கிட்டத்தில் படிக்கையில் கண்களை உட்புறம் குவிக்க முடியாமல் தலைவலியோடு வரும் மாணவர்களும் வருவார்கள். பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் வீட்டுப் பயிற்சியைக் காட்டிலும் சிகிச்சையகத்தில் ஒருவர் உடனிருந்து நடத்தும் பயிற்சி இவர்களுக்கு மேலானது என்பதை 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

மகளுக்கு இரண்டு தனியார் கல்லூரிகளில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
– தந்தை, திருப்பூர்

பனியன் கம்பெனியில் துணியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் ஆர்டர் எடுப்பதில்லை. கல்லூரிக்கும் அப்படியே நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தையும் ஆய்வகத்தையும் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. கல்லூரியோடு இணைந்த கண் மருத்துவமனை உண்டா? அங்கே குழந்தைக் கண் பிரிவும் மாறுகண் பிரிவும் தனியாக நடக்கின்றனவா? மாணவர்கள் எந்த ஆண்டிலிருந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள்? இறுதியாண்டுப் பயிற்சி மருத்துவமனையிலா, கண்ணாடிக் கடையிலா? இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டி அவை சேர்ந்து இயங்குவதை அளக்கும் சினாப்டோஃபோர் கருவி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அதன்மேல் தூசி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரவிந்த், சங்கரா போன்ற பெரிய கண் மருத்துவமனைகள் கோவையிலேயே இருப்பது நம் பகுதி மாணவர்களுக்கு வாய்ப்பு. சென்னையில் 1985-இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியும் அங்குள்ள சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையின் துணையோடு வளர்ந்ததுதான். நோயாளிகள் நிறைய வரும் இடத்தில் படித்தவருக்கும், படத்தில் மட்டும் மாறுகண்ணைப் பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

பி.ஆப்டம் மூன்றாமாண்டு படிக்கிறேன். வெளிநாட்டில் ஆர்த்தாப்டிஸ்ட் ஆக முடியுமா?
– மாணவர், கரூர்

முடியும், ஆனால் இங்குள்ள பட்டத்தைக் காட்டிய உடனே அல்ல. பிரிட்டனில் இது ஆப்டோமெட்ரியிலிருந்து பிரிந்த தனித் தொழில். ஆர்த்தாப்டிஸ்ட் என்ற பெயரே சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. உடல்நலம் மற்றும் பராமரிப்புத் தொழில் மன்றத்தில் பதிவு செய்யாதவர் அப்பெயரில் பணி செய்ய முடியாது. ஷெஃபீல்டு, லிவர்பூல், கிளாஸ்கோ கலிடோனியன் ஆகிய பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே இளநிலைப் பட்டம் நடத்துகின்றன. ஆஸ்திரேலியாவில், பட்டம் பெற்றவர்களுக்காகச் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதுநிலைப் படிப்பாக நடத்துகிறது. உங்கள் நிலைக்கு அது பொருந்தி வரக்கூடும். கட்டணம் கட்டுமுன், அந்தப் பட்டம் எந்த நாட்டில் பதிவுக்குச் செல்லும் என்பதை முகவரிடம் கேட்காமல் பதிவு மன்றத்திடமே கேட்டு அறியுங்கள்.

ஒரு சிறு செய்தி: பிரிட்டனின் முதல் ஆர்த்தாப்டிஸ்ட்டாக அறியப்படும் மேரி மேடாக்ஸ், கண் மருத்துவர் எர்னஸ்ட் மேடாக்ஸின் மகள். நீங்கள் வகுப்பில் எடுக்கும் சோதனைக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் வரிவரியான சிவப்புக் கண்ணாடி, மேடாக்ஸ் ராட், அந்தத் தந்தையின் பெயரைத் தாங்கியது.

எனக்கே இடது கண் சோம்பேறிக் கண். சிறு வயதில் சிகிச்சை செய்யவில்லை. இத்துறையில் படிக்கலாமா?
– மாணவி, நாமக்கல்

வலது கண் தெளிவாகத் தெரிகிறது என்றால் இத்துறையின் பெரும்பாலான வேலைகளைச் செய்ய இயலும். மறைப்புச் சோதனையில் உங்கள் ஒரு கண் நோயாளியின் கண்ணைக் கவனித்தால் போதும். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்வைக் குறையை அளக்கும் ரெட்டினாஸ்கோப்பின் வழியே பார்ப்பதும் ஒற்றைக் கண்ணால்தான். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில், ஆழ உணர்வு தேவைப்படும் வேலைகளில் பழகச் சற்று கூடுதல் காலம் ஆகலாம். சேர்க்கையின்போது உடல்தகுதிச் சான்று கேட்பார்கள் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே கல்லூரியில் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. பதினேழு வயதுக்குள் இருந்து, இதுவரை ஒருமுறையும் சிகிச்சை பெறாதவர் என்றால், ஒட்டுச் சிகிச்சையால் ஓரளவு முன்னேற்றம் கிட்டலாம். கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்பாக ஒரு மாறுகண் பிரிவுக்குச் சென்று அளந்து பாருங்கள்.

படித்து முடித்ததும் பெரிய கண்ணாடிக் கடையில் கூடுதல் சம்பளத்துக்கு அழைக்கிறார்கள். போகலாமா?
– பட்டதாரி, பொள்ளாச்சி

குடும்பத் தேவை இருந்தால் தாராளமாகப் போகலாம்; அதில் இழிவு எதுவும் இல்லை. மாறுகண் துறைதான் குறிக்கோள் என்றால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை மருத்துவமனையில் கழிக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைக்கு வருபவர்களுள் பெரும்பாலோர் கண்ணாடிக்காகவே வருவதால், அங்கே பிரிசம் பெட்டியை எடுக்கும் நாட்கள் அரிது. எடுக்காத கை மறந்துவிடும்.

வணிகவியல் பிரிவு படித்தவர்கள் சேர முடியுமா?
– மாணவர், தாராபுரம்

பி.ஆப்டமில் சேர இயலாது. பொதுவாக இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். கண் மருத்துவமனைகளில் நிர்வாகம், நோயாளி ஆலோசனை, கண்ணாடி விற்பனை ஆகிய பிரிவுகளில் வணிகவியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு.