பெரியப்பா சொல்லும் படிப்பும், உங்கள் மகள் பிரித்துப்போட்ட கேமராவும்

"கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்கிறார் இவள் பெரியப்பா. இவளோ பழைய கேமராவைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு நகரலாம், உங்களுக்குப் பயன் இருக்காது. பெரியப்பா சொல்வது தவறு. எலெக்ட்ரானிக்ஸில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மூலை இவளுக்குப் பொருந்துகிறது: வேலைக்கு அணியும் விஆர் ஹெட்செட்டில் (தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் காட்சித் திரை) கேமரா படத்தைக் கையாளும் சிப் வடிவமைப்பு.

ஹெட்செட் கண்ணை மூடிவிடுகிறது. எதிரே இருக்கும் கீபோர்டு தெரிய வேண்டுமென்றால் முன்பக்கக் கேமரா வழியாகத்தான் தெரியவேண்டும். படம் பிந்தினால் தலை சுற்றும். ஆப்பிள் விஷன் ப்ரோவில் 12 கேமராக்களையும் 5 சென்சார்களையும் கவனிக்க ஆர்1 என்று தனி சிப்பே உண்டு. படம் 12 மில்லிவினாடிக்குள் திரைக்கு வந்துவிடுகிறது என்கிறது அந்நிறுவனம்.

வினாடிக்கு 90 படம் என்றால் ஒன்றுக்கு 11.1 மில்லிவினாடி. முழுப் படத்தையும் சேமித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் அதிலேயே நேரம் தீர்ந்துவிடும். 2048க்கு 2048 பிக்சல், 10 பிட் சென்சாரில் ஒரு படம் 4.2 கோடி பிட். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பதிவுசெய்யும்; விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்பும் டிமொசைக் கட்டத்துக்கு 5க்கு 5 பிக்சல் ஜன்னல் போதும். முந்தைய 4 வரிகளை, அதாவது சுமார் 82,000 பிட்டை, வைத்திருந்தால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை முடியும். லென்ஸால் வளைந்து விழும் படத்தை நேராக்கும் இடத்தில்தான் கணக்கு இடிக்கும்: வளைவு கூடக்கூட, வைத்திருக்க வேண்டிய வரிகளும் ஏறும்.

வெளிச்சமும் படுத்தும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். எக்ஸ்போஷரை, அதாவது சென்சார் ஒளி வாங்கும் நேரத்தை, 10 மில்லிவினாடி வைத்தால் மினுக்கல் மறையும், தலையைத் திருப்பினால் எழுத்து இழுபடும். குறைத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும், புள்ளி புள்ளியான நாய்ஸும் ஏறும். இந்த இழுபறி பிடித்தவளுக்குத்தான் இந்த வேலை.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கேமரா திருத்தாமல் தரும் ஒரு ரா படத்தை எடுத்து பிளாக் லெவல் கழித்தல் (இருட்டிலும் சென்சார் காட்டும் அளவை நீக்குவது), டிமொசைக், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது) மூன்றையும் பைத்தான் நிரல்மொழியில் எழுதட்டும். பிறகு அதையே சிப் வடிவமைக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதி, அதைக் கணினியிலேயே ஓட்டிப்பார்க்க உதவும் இலவசமான வெரிலேட்டரில் ஓட்டி, இரண்டு விடைகளையும் பிட் பிட்டாக ஒப்பிடட்டும். முதலில் 8க்கு 8 படம் போதும். ஓரத்து இரண்டு பிக்சல் மட்டும் பிசகினால் விளிம்பைக் கையாள்வதில் தவறு. சிவப்பும் நீலமும் இடம் மாறினால் பேயர் வரிசையை (சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலப் பிக்சல்கள் அடுக்கப்பட்ட முறை) தவறான மூலையில் தொடங்கியிருக்கிறாள். இரண்டு விடைகளும் ஒத்துப்போன பிறகுதான், உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப் உள்ள போர்டு.

ஹெட்செட் வாங்காதீர்கள். கடன் வாங்கிச் சான்றிதழ் வகுப்பில் சேர்க்கவே வேண்டாம். ஹெட்செட் விற்பனை படுத்தாலும் இதே திறமை கார் கேமராவுக்கும் எண்டோஸ்கோப்புக்கும் போகும்.

ஆறு வாரம் கொடுங்கள். சிப்பின் சிக்னல்கள் ஏறி இறங்குவதைக் காட்டும் வேவ்ஃபார்மைப் பார்த்தாலே சலிப்பு தட்டுகிறதென்றால் இந்தப் பாதை வேண்டாம், அதையும் அவளே சொல்லட்டும். விண்ணப்பத்தில் பாடப்பிரிவை அவள் கையாலேயே நிரப்பட்டும். பெரியப்பாவிடம் பேசவேண்டியது நீங்கள்.