வாசகர் கேள்வி பதில்: ஓடுபாதையில் துள்ளும் போர் விமானம்

கேள்வி: கம்பாட் ஃபிளைட் சிமுலேட்டர் 3 என்ற விமானப் போர்க் கணினி விளையாட்டில், மாட் ஆக, அதாவது பயனர்கள் உருவாக்கும் கூடுதல் தொகுப்பாகக் கிடைத்த இரண்டாம் உலகப் போர்க்கால வால் சக்கர விமானம் ஒன்றைச் சேர்த்தேன். ஓடுபாதையில் தோன்றிய உடனேயே அது மேலே எகிறி, துள்ளித் துள்ளி, சில வேளைகளில் கவிழ்ந்தும் விடுகிறது. அதிர்வை அடக்கும் தணிப்பு விகிதத்தை 1 ஆக உயர்த்தியும் பயனில்லை. விமானத்தின் அமைப்புக் கோப்பின்படி முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு 2 அடி முன்னாலும் 6 அடி கீழேயும் உள்ளன. ஸ்டாட்டிக் பிட்ச் (நிற்கும்போது மூக்கு உயர்ந்திருக்கும் கோணம்) 12, ஸ்டாட்டிக் சிஜி ஹைட் (நிற்கும்போது ஈர்ப்பு மையத்தின் உயரம்) 4.1, நிலை அமுக்கம் 0.03 என்று இருக்கின்றன.

பதில்: நீங்கள் தந்த எண்களிலேயே இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. அவை தனித்தனியானவை என்பதால், ஒன்றை மட்டும் திருத்திவிட்டு ஓடவிட்டுப் பார்த்தால் சிக்கல் அப்படியே இருப்பதாகத் தோன்றும்.

முதலாவது, விமானம் தரையில் வைக்கப்படும் உயரம். விமானத்தை ஓடுபாதையில் முதன்முதலாக வைக்கும்போது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை சிமுலேட்டர் ஸ்டாட்டிக் சிஜி ஹைட் எண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூக்கு 12 பாகை உயர்ந்து நிற்கும் நிலையில், உங்கள் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு ஏறத்தாழ 5.5 அடி கீழே இருக்கும். ஆனால் கோப்போ 4.1 அடி என்கிறது. ஆகவே சக்கரங்கள் ஓடுபாதைக்குள் ஓர் அடிக்கும் மேல் புதைந்த நிலையில் விமானம் பிறக்கிறது. அவ்வளவு அமுங்கிய ஸ்பிரிங் அதை உடனே வானை நோக்கி எறிகிறது. இந்த எண்ணை 5.4க்கு அருகில் வைத்துத் தொடங்குங்கள். தோன்றும்போது விமானம் இலேசாகத் தாழ்ந்து அமர்ந்தால் எண்ணைச் சற்றுக் குறையுங்கள். உயரே எழுந்தால் கூட்டுங்கள். பிட்ச் கோணமும் சக்கரங்களோடு ஒத்துப்போக வேண்டும்: முதன்மைச் சக்கரத்துக்கும் வால் சக்கரத்துக்கும் இடையே நீளவாக்கில் 20 அடியும் உயரத்தில் 4.25 அடியும் வேறுபாடு இருந்தால்தான் 12 பாகை கிடைக்கும்.

இரண்டாவது, நிலை அமுக்கம். ஒவ்வொரு சக்கரத்தின் இடத்தையும் இயல்பையும் சொல்லும் கான்டாக்ட் பாயின்ட்ஸ் வரியில் ஒன்பதாவதாக வரும் இந்த எண், விமானம் அசையாமல் நிற்கும்போது அதன் எடையால் சக்கரக் கால் எத்தனை அடி அமுங்குகிறது என்பதைக் குறிக்கிறது. 0.03 அடி என்பது 9 மில்லிமீட்டர்தான். அதே எடையை இவ்வளவு சிறிய அமுக்கத்திலேயே தாங்க வேண்டுமானால், ஸ்பிரிங் கிட்டத்தட்ட இரும்புக் கம்பி போல விறைப்பாக இருந்தாக வேண்டும். அத்தகைய கால் நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் அதிரும், 0.3 அடி எனப் பத்து மடங்காக்கினால் அது நொடிக்கு ஒன்றரை முறையளவுக்குக் குறைந்து, கண்ணுக்கு உண்மையான விமானத்தின் அசைவாகத் தெரியும். தணிப்பை உயர்த்தியது ஏன் உதவவில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது: தணிப்பு விகிதம் ஸ்பிரிங்கின் விறைப்பைச் சார்ந்தே விசையாக மாறுகிறது, விறைத்த ஸ்பிரிங்கோடு உயர்ந்த தணிப்பும் சேரும்போது விசைகள் மிகப் பெரியவையாகி, படிப்படியாகக் கணக்கிடும் எந்த நிரலும் அவற்றைப் பின்தொடர முடியாமல் தடுமாறும். ஆகவே அமுக்கத்தை 0.3 ஆகவும், அதற்கடுத்து வரும் விகிதத்தை (உச்ச அமுக்கம் நிலை அமுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை) 2.5 ஆகவும், தணிப்பை 0.6 அல்லது 0.7 ஆகவும் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விமானத்தைப் புதிதாக ஏற்றிப் பாருங்கள். மூல கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே வைத்திருப்பது மிக அவசியம்.

கேள்வி: வேறொரு விமானத்தின் சக்கர வரிகளை என் விமானத்துக்கு நகலெடுத்துப் போட்டேன். இப்போது பிரேக்கைத் தொட்டாலே மூக்கு தரையில் குத்துகிறது. அதைத் தவிர்த்து ஓட்டினாலும் ஓடுதளத்தில் ஒரு பக்கமாகவே சுழல்கிறது.

பதில்: நகலெடுத்ததுதான் காரணம். அந்த வரிகளிலுள்ள தூரங்கள் ஈர்ப்பு மையத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. அந்தந்த விமானத்துக்கென வகுத்த மேற்கோள் புள்ளியிலிருந்து (எல்லாத் தூரங்களுக்கும் தொடக்கமாகக் கொள்ளும் இடத்திலிருந்து) அளக்கப்படுகின்றன. இரு விமானங்களின் மேற்கோள் புள்ளிகள் வேறாக இருந்தால், அதே எண் வேறொரு இடத்தைக் காட்டும். முதலில் வெற்று எடையின் ஈர்ப்பு மையம் எங்கே என்று அதே கோப்பில் பார்த்து, எரிபொருள் நிரம்பியபோது அது எவ்வளவு நகர்கிறது என்பதையும் கணக்கிடுங்கள்.

விமான வடிவமைப்புப் பாடங்கள் தரும் வழிகாட்டி ஒன்று இங்கே கைகொடுக்கும்: விமானம் கிடைமட்டமாக இருக்கும் நிலையில், முதன்மைச் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஈர்ப்பு மையம் செங்குத்துக்கோட்டுக்கு 16 முதல் 25 பாகை பின்னால் அமைய வேண்டும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 6 அடி உயரத்தில் இருந்தால், சக்கரங்கள் அதற்கு 1.7 முதல் 2.8 அடி வரை முன்னால் இருக்க வேண்டும். இந்த எல்லைக்குக் கீழே போனால் பிரேக் பிடித்ததும் விமானம் மூக்கில் விழும். மேலே போனால், சிறு திருப்பமும் தானே வளர்ந்து விமானத்தைச் சுழற்றிவிடும்.

ஒரு பக்கமாகவே சுழல்வதற்குத் தனிக் காரணம் இருக்கலாம். பக்கவாட்டுத் தூரம் எதிர்க்குறியாக இருப்பது இடது சக்கரம். அதன் பிரேக் எண் 1 ஆகவும், வலது சக்கரத்தினது 2 ஆகவும் இருக்க வேண்டும். இவை மாறியிருந்தால், சுழற்சியைத் தடுக்க நீங்கள் மிதிக்கும் பிரேக்கே அதைத் தூண்டிவிடும். வால் சக்கரத்தின் திருப்பு கோணம் 180 என்று இருந்தால் அது கட்டுப்பாடின்றிச் சுழலும் சக்கரம் என்று பொருள். பி-51 மஸ்டாங்கில் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்து வைத்திருக்கும்வரை வால் சக்கரம் இருபுறமும் 6 பாகை மட்டுமே திரும்பும். அந்த விமானத்தின் மாட் 180 பாகையோடு வந்தால், நேராக ஓடாததில் வியப்பில்லை.

கேள்வி: மெதுவாக இறங்கினாலும் சக்கரம் முறிகிறது. சேத எல்லையை மிக உயர்த்திவிடலாமா?

பதில்: கான்டாக்ட் பாயின்ட்ஸ் வரியின் ஐந்தாவது எண்ணான சேத எல்லை நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற இறங்கு வேகத்தைக் குறிக்கிறது. இன்றைய பயணிகள் விமானங்களின் சக்கர அமைப்பே நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில் தரைதொடுவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுவதால், உங்கள் கோப்பில் அதைவிடக் குறைந்த எண் இருந்தால் உயர்த்துவதே முறை. போர் விமானத்துக்கு 1,500 அளவு நியாயமானது. 5,000 என்று வைத்தால் முறிவது நிற்கும். ஆனால் தவறாக இறங்குவதைக் கற்றுக்கொள்ளவும் வழி இராது.

துள்ளல் முழுவதையும் பிழையென்று நீக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தொடக்க கால எஃப்4யு கோர்சேர் விமானங்கள் கப்பல் தளத்தில் இறங்கும்போது உண்மையாகவே துள்ளின. அதிர்ச்சியைத் தாங்கும் ஓலியோ சக்கரக் கால்கள் திருத்தப்பட்ட பிறகே, 1944இல், அவை அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் இயங்க இசைவு கிடைத்தது. நீங்கள் ஓட்டுவது 1943ஆம் ஆண்டுக் கோர்சேர் என்றால், தணிப்பு விகிதத்தை 0.3 அளவில் விட்டுவைப்பதே அந்த விமானத்துக்கு நேர்மையானது.