நோட்டீஸ் வந்ததும் பக்கத்தை அழிக்காதீர்கள்

அக்கா, 2019 முதல் இன்ஸ்டாகிராமில் ஒரே பெயரில் இட்லிப்பொடி விற்கிறீர்கள், அதே பெயரை 2022இல் பதிவு செய்தவர் இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயத்தில் பக்கத்தை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. வர்த்தகக் குறிகள் சட்டம் 1999, பிரிவு 34 உங்களுக்குக் கைகொடுக்கும். அவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் அவரால் உங்களைத் தடுக்க முடியாது. அவர் 2018லேயே விற்க ஆரம்பித்திருந்தால் நிலைமை வேறு. அதை முதலில் விசாரியுங்கள். பழைய பில், கூரியர் ரசீது, ஜிபே வரவு எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். கெடு முடிவதற்குள் வக்கீல் மூலம் பதில் போகட்டும். பாக்கெட்டில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து (பதிவான பெயர் என்பதற்கான குறி) இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், பதிவில்லாமல் அதைப் போட்டால் சட்டப்படி அபராதம் உண்டு.