மெமரி ஃபோம் மெத்தை எனக்குச் சரிப்படுமா?

"முதுகுவலி இருக்கிறது, மெமரி ஃபோம் மெத்தை வாங்கலாமா" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். ஏசி உண்டா, குப்புறப் படுப்பவரா, எந்த ஊர், எதுவும் சொல்லவில்லை. சரி, என்னைப் போல சென்னையில், மொட்டைமாடிக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கடைப் பையன் உள்ளங்கையை மெத்தையில் அழுத்தச் சொன்னான். கையை எடுத்த பிறகும் ஐந்து விரலும் பள்ளமாக நின்று, பிறகு மெதுவாக மேலெழும்பி மறைந்தது. அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். "நாசா கண்டுபிடிச்சது சார், விண்வெளி வீரர்கள் இதுலதான் படுப்பாங்க" என்றான், மீதியும் விழுந்தாச்சு. அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1966இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கியது விமான இருக்கைக்காம், மோதினால் உட்கார்ந்திருப்பவருக்கு அடி குறைய வேண்டும் என்று. மே மாதத்தில் ஃபேன் காற்றில் தூங்குவதற்கு அல்ல.

இந்த ஃபோம் சூடு பட்டால் இளகும், குளிரில் விறைக்கும். கடையில் ஏசி ஓடியதால் நான் படுத்துப் பார்த்த ஐந்து நிமிடமும் கெட்டியாக, சுகமாக இருந்தது. வீட்டில் நூறு நாள் சோதனை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றார்கள். நான் வாங்கியது டிசம்பரில். நூறு நாள் மார்ச்சில் முடிந்தது, வெயில் அதற்கப்புறம்தான் தொடங்கியது! பகலெல்லாம் மொட்டைமாடித் தளம் குடித்த சூடு ராத்திரி அறைக்குள் இறங்கும், மெத்தை இளகி உடம்பைச் சுற்றிக்கொள்ளும், முதுகுக்குக் கீழே காற்றுப் போக வழியே இல்லை. விடிகாலையில் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். நான் 84 கிலோ, குப்புறப் படுப்பவன். இடுப்பு மட்டும் உள்ளே போய், மேல் முதுகில் இருந்த வலி கீழ் முதுகுக்கு வந்ததுதான் மிச்சம்.

உடனே "ஏசி போட வேண்டியதுதானே" என்று கீழே எழுத வராதீர்கள். போட்டோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் மெத்தையே மோசம் என்று சொல்ல மாட்டேன். என் மனைவி ஒருக்களித்துப் படுப்பவள். தோள்பட்டை வலி இருந்தவளுக்கு இப்போது இல்லை, நான் பக்கத்தில் புரண்டாலும் அவளுக்குத் தெரிவதில்லை. ஊரிலிருந்து வந்த அம்மாவோ ஒரு ராத்திரி படுத்துவிட்டு, "என்னடா இது, சேத்துல கால வச்ச மாதிரி இருக்கு" என்றார். மூட்டுவலிக்காரர், கையை ஊன்றினால் கையும் சேர்ந்து அமுங்கினால் எப்படி எழுந்திருப்பார்?

போடியிலிருந்து வந்த எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தையை வருஷத்துக்கு இரண்டு முறை வெயிலில் போட்டு, தட்டி எடுத்தால் போதும், புதுசாகிவிடும். ஃபோமை அப்படி வெயிலில் போடக்கூடாது, மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். அந்தப் பஞ்சு மெத்தைக்கே திரும்பலாம் என்றால் எங்கள் அடுக்குமாடிச் சங்கம் மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கிறது. மெத்தை காயப்போட்டால் கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். மாதம் தவறாமல் பராமரிப்புப் பணம் கட்டுகிறோம், சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்குகிறது, அவர்கள் வீட்டுக் கூழ்வடகம் மட்டும் தவறாமல் மேலே காய்கிறது. இதைக் கேட்டால் நான் சண்டைக்காரன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, வலி காலுக்கு இறங்கினால் மெத்தைக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஒருக்களித்துப் படுப்பவர், ஒல்லி, ஏசி அறை என்றால் தாராளமாக வாங்கலாம். குப்புறப் படுப்பவர் என்றால் வேண்டாம். வாங்கும்போது மேலே எத்தனை அங்குலம் மெமரி ஃபோம் என்று கேளுங்கள், என்னுடைய 6 அங்குலத்தில் அது வெறும் 2, மிச்சமெல்லாம் சாதாரண ஃபோம். வாங்குவதை ஏப்ரலில் வைத்துக்கொண்டால் சோதனை நாளுக்குள்ளேயே கத்திரி வெயிலும் வந்துவிடும். என் மனைவி இப்போது அந்த மெத்தையில் குறுக்கே படுத்து நிம்மதியாகத் தூங்குகிறாள். நான் ஹாலில் கோரைப்பாயில்.