முதுமையில் பெரிதாகச் சாதித்த அரசியல் தலைவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

என்னைக் கேட்டால் ராஜாஜியைத்தான் சொல்வேன். கவர்னர் ஜெனரலாக இருந்தவர் என்று பள்ளியில் படித்திருப்போம். நான் சொல்ல வருவது அதற்கும் பிறகு நடந்ததை.

1954-ல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று வைத்து, குலக்கல்வித் திட்டம் என்று பெயரெடுத்த அந்தக் கல்வித் திட்டத்தால் முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். அதில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். அப்போது அவருக்கு 75 வயது. வேறு யாராக இருந்தாலும் ஓய்ந்திருப்பார்கள்.

இவர் 1959-ல், 80 வயதில், புதுக் கட்சி தொடங்கினார். நேருவை யாரும் அசைக்க முடியாத காலம். எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி வேண்டும் என்றிருந்த நிலையை ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று போட்டுத் தாக்கினார். 1967-ல் அந்தச் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்கள் பிடித்து, எதிர்க்கட்சிகளில் பெரியதாக வந்தது. அதே தேர்தலில் இங்கே அண்ணாவோடு கூட்டணி, காங்கிரஸ் ஆட்சியே போனது. 1938-ல் இந்தி எதிர்ப்புக்காக அண்ணாவைச் சிறையில் போட்டது இதே ராஜாஜியின் ஆட்சிதான். பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்து அவரே பேசினார். முதுமையில் இப்படித் தன் நிலையை மாற்றிக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும்.

இடையில் 1962-ல் அணுகுண்டு சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார். வயது 83. வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கைத்தடியோடு வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து, வல்லரசின் தலைவரிடம் நேருக்கு நேர் வாதாடினார். 1966-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடிய ஆங்கிலப் பிரார்த்தனைப் பாடலும் அவர் எழுதியதுதான்.

இத்தனையிலும் என் நெஞ்சில் நிற்பது 1971. மதுவிலக்கை நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கொட்டும் மழையில் கோபாலபுரம் போய், ‘வேண்டாம்’ என்று கலைஞரிடம் மன்றாடினார். சில மாதங்களுக்கு முன்புதான் தேர்தலில் கலைஞருக்கு எதிரணியில் நின்றவர் ராஜாஜி. 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. 92 வயதில், கௌரவம் பார்க்காமல் அந்தப் படியேறினார். அவர் கேட்டது நடக்கவில்லை, அந்த ஆகஸ்டிலேயே மதுவிலக்கு விலக்கப்பட்டது. ஆனாலும் சாதனைக் கணக்கில் நான் இதையும் சேர்ப்பேன். அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ல் அவர் மறைந்தார்.